பெரிய பை நல்ல பை என்று நினைத்தேன்: நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்குச் சீட் பை தேர்ந்தெடுப்பது எப்படி?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் காஹாங் தாண்டியதும் கடைகள் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் செம்பனை, பிறகு காடு, மறுபடியும் செம்பனை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை வேளையில் அந்தச் சாலையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது என் பின்னால் 'விர்ர்... விர்ர்' என்று ஒரு சத்தம். ஏதோ வண்டு கூடவே பறந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சாலை குண்டும் குழியுமாக வரும் இடத்தில் சத்தம் கூடியது. நல்ல சாலை வந்ததும் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே கட்டியிருந்த பெரிய பை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து பின் டயரில் உரசிக்கொண்டிருந்தது. பையின் அடியில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக என் மழைக்கோட்டின் கை எட்டிப் பார்த்தது. அதையும் டயர் தின்று வைத்திருந்தது. மெர்சிங் பக்கம் வானம் கறுத்திருந்தது.

துணியோடு போனதால் தப்பித்தேன். பையின் வார் ஒன்று கழன்று ஸ்போக்ஸில் சுற்றியிருந்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரும் சாலை அது.

பை தரமான பைதான். கடைக்காரர் மீதும் குறை இல்லை. என் சைக்கிளுக்கு அது பொருந்துமா என்று அளந்து பார்க்காமல், "பெரிசா இருந்தா நிறைய வைக்கலாம்" என்று வாங்கியது நான்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு நம்மவர்கள் பலர் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் சிலர் இப்போது இரண்டு நாள், மூன்று நாள் பயணம் போக ஆசைப்படுகிறார்கள். என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை லிட்டர் பை வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. சீட்டுக்கும் டயருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது?

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

சீட் பை என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது பஞ்சர் சாமான் வைக்கும் சின்னப் பை. ஒரு ட்யூப், இரண்டு டயர் நெம்புகோல், ஒரு சாவி வைத்தால் நிறைந்துவிடும். இங்கே நாம் பேசுவது அதன் அண்ணனைப் பற்றி. சீட்டின் அடியில் ஓடும் இரண்டு இரும்புக் கம்பிகளிலும், சீட்டைத் தாங்கும் தண்டிலும் கட்டப்பட்டு, பின் சக்கரத்துக்கு மேலே வால் போல நீண்டிருக்கும் பை. பொதுவாக 8 லிட்டரிலிருந்து 17 லிட்டர் வரை கிடைக்கிறது. வாயைச் சுருட்டி மூடினால் உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி சிறியதாகும்.

இந்த வகை சைக்கிள் உலகத்துக்குப் புதியது. அதற்கு முன்பிருந்த பழைய வகை வேறு. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெல்சன் என்ற ஊரில் 1932-இல் தொடங்கிய காரடைஸ் நிறுவனம் தடித்த பருத்தித் துணியில் தைக்கும் பை அது. சீட்டுக்குப் பின்னால் குறுக்காகத் தொங்கும். தோல் வார் போட்டிருக்கும். இன்றும் அதை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. வால் போன்ற புதிய பை 2000-களில் அமெரிக்காவில், குறிப்பாக அலாஸ்காவின் பனிப் பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர்களிடமிருந்து பரவியது. கரடுமுரடான பாதையில் கேரியர் ஆடி ஆடி போல்ட் கழன்று போகிறதே, கேரியரே இல்லாமல் சாமான் கட்ட முடியாதா என்று யோசித்ததில் பிறந்தது. 2008-இல் தொடங்கிய 'டூர் டிவைட்' என்ற பந்தயம் கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. அதில் ஓட்டியவர்கள் இதைப் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் மற்ற நாட்டுக்காரர்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

கேரியர் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு சைக்கிளில் சாமான் கட்டுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால் வாளியை கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு செம்மண் பாதையில் நிறுவைக் கொட்டகைக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டி எடுத்த ரப்பர் வார்தான் அவர்களுடைய கயிறு. அந்தக் கட்டு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த மாநிலத்துச் சாலைகளில் சைக்கிளில் சுமை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் வந்தவர்களில் ஜப்பானியப் படையினரும் உண்டு. 1941 டிசம்பர் 8-இல் படையெடுப்பைத் தொடங்கிய படை அடுத்த ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் பாருவுக்கு வந்துவிட்டது. துப்பாக்கி, உணவு, படுக்கை எல்லாம் சைக்கிளில்தான். வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தை டாங்கி என்று எதிரணி நினைத்தது என்று போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் இல்லை. ஆனால் சாதாரண கேரியர் சைக்கிள் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சைக்கிளில் உறுதியான கேரியர் இருந்தால், அல்லது கேரியர் மாட்டுவதற்கான திருகு துளைகள் பின் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால், தார்ச் சாலையில் மட்டும்தான் போகப் போகிறீர்கள் என்றால், சீட் பைக்குச் செலவு செய்ய வேண்டாம். கேரியரும் இரண்டு பக்கப் பைகளும் அதிகச் சுமை தாங்கும். சுமை கீழே இருப்பதால் வண்டி ஆடாது.

சீட் பை யாருக்கு? கேரியர் மாட்ட வழியில்லாத பந்தய சைக்கிள், மலை சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு. செம்பனைத் தோட்டத்து லாட்டரைட் பாதையில் மணிக்கணக்கில் குலுங்கிப் போக விரும்புபவர்களுக்கு. குறைந்த சாமானோடு வேகமாகப் போகிறவர்களுக்கு. மேடு நிறைந்த சாலையில் ஒவ்வொரு கிலோவையும் எண்ணுகிறவர்களுக்கு.

அளவு நாடாவை எடுங்கள்

இனி அந்த சென்டிமீட்டர் கணக்கு. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சீட்டை நீங்கள் ஓட்டும் உயரத்தில் வையுங்கள். சீட்டின் அடியில் இருக்கும் கம்பியிலிருந்து நேர் கீழே பின் டயர் வரை அளக்க வேண்டும். மட்கார்ட் இருந்தால் மட்கார்ட் வரை.

நம்மில் பலருக்கு உயரம் அதிகமில்லை. இங்கேதான் சிக்கல் வருகிறது. பைகளை விற்கும் படங்களில் நீங்கள் பார்ப்பது ஆறடி மனிதர் ஓட்டும் பெரிய சைக்கிள். சீட் தண்டு நீளமாக வெளியே தெரியும். பை அழகாக வானத்தைப் பார்த்து நிற்கும். என்னைப் போல ஐந்தடி நான்கு அங்குலக்காரர் அதே பையை மாட்டினால் டயரில் உட்கார்ந்துவிடும்.

என் கணக்கையே சொல்கிறேன். என் காலின் உள்ளளவு 75 செ.மீ. அதற்கு ஏற்றபடி சீட்டை வைத்தால் சீட்டின் கம்பி தரையிலிருந்து சுமார் 88 செ.மீ. உயரத்தில் வருகிறது. 29 அங்குல சக்கரத்தில் தடித்த டயர் போட்டால் டயரின் உச்சி சுமார் 73 செ.மீ. மிச்சம் 15 செ.மீ. தான். அதே ஆள் பழைய 26 அங்குல மலை சைக்கிளில் ஏறினால் டயரின் உச்சி 66, 67 செ.மீ. அளவில் நிற்கும். மிச்சம் 21 செ.மீ.க்கு மேல். உங்கள் வண்டியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். ஆனால் வித்தியாசம் இந்த அளவுக்கு இருக்கும். கொட்டகையில் கிடக்கும் 26 அங்குல சைக்கிளைப் பழசு என்று ஒதுக்காதீர்கள். உயரம் குறைந்தவருக்குப் பயணப் பை கட்ட அதுதான் வசதி.

இருபது செ.மீ.க்கு மேல் இடம் இருந்தால் 12 முதல் 16 லிட்டர் வரை யோசிக்கலாம். பதினைந்து அளவில் இருந்தால் 8, 10 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே என்றால் இந்த வகைப் பையே வேண்டாம். முன்னால் ஹேண்டலில் ஒரு பை, ஃபிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு பை என்று பிரித்துக்கொள்ளலாம். எந்தப் பைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் அளக்க வேண்டும். சீட் தண்டு வெளியே எவ்வளவு தெரிகிறது? பையின் கீழ் வார் அதில்தான் சுற்ற வேண்டும். ஒரு கையகலமாவது இருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் சீட் கீழே இறங்கும் தண்டு உள்ள மலை சைக்கிளில் சாதாரண சீட் பையைக் கட்டினால், சீட் இறங்கும்போது பையும் இறங்கிச் சக்கரத்தைத் தொடும். பின்னால் ஸ்பிரிங் உள்ள சைக்கிள் என்றால், நீங்கள் ஏறி உட்கார்ந்து குலுங்கும்போது சக்கரம் மேலே வரும். அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய துணியை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் அடைத்து, நீங்கள் வாங்க நினைக்கும் பையின் அளவுக்கு உருட்டி, ட்யூப் வாரால் சீட்டுக்கு அடியில் இறுக்கிக் கட்டுங்கள். ஏறி உட்கார்ந்து வீட்டைச் சுற்றி இரண்டு சுற்று வாருங்கள். தொடை இடிக்கிறதா, டயர் தொடுகிறதா, ஏறும்போது கால் தட்டுகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும்.

கால் தட்டுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பின்பக்கமாகக் காலை வீசி ஏறிப் பழகியவர்கள். பை உயர்ந்து நிற்கும்போது கால் அதில் மாட்டி வண்டியோடு சாய்வதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து, முன் கம்பிக்கு மேலாகக் காலைக் கடத்தி ஏறப் பழகுங்கள்.

வால் ஆடுவது ஏன்?

சீட் பையைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை, ஆடுகிறது என்பது. உட்கார்ந்து மிதிக்கும்போது தெரியாது. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் பின்னால் யாரோ சைக்கிளைப் பிடித்து இடமும் வலமும் இழுப்பது போல இருக்கும்.

காரணம் எளிது. பை கட்டப்பட்டிருப்பது முன்பக்கத்தில், சீட் தண்டுக்கு அருகில். மீதி முழுவதும் அந்தரத்தில் நிற்கிறது. இரண்டு கிலோ சாமானைத் தண்டிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் வைத்தால் ஓர் இழுப்பு. அதையே 45 செ.மீ. தள்ளி வால் நுனியில் வைத்தால் மூன்று மடங்கு இழுப்பு. தராசுக் கோலில் கல்லை நகர்த்துவது போலத்தான்.

ஆகவே கனமான பொருளை பையின் அடி ஆழத்தில், தண்டை ஒட்டி வைக்க வேண்டும். இன்னும் நல்லது, கனமான பொருளை இந்தப் பையில் வைக்காமலே இருப்பது. சாவிகள், பம்பு, ட்யூப், மின்கலம், தண்ணீர் எல்லாம் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் போகட்டும். சீட் பைக்குள் போக வேண்டியவை அமுங்கும் பொருள்கள்: மாற்று உடை, மெல்லிய போர்வை, துண்டு, தூங்கும்போது போடும் கைலி. வால் நுனியில் சீக்கிரம் எடுக்க வேண்டிய லேசான மழைக்கோட்டு. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ வரைதான் இந்தப் பைகளுக்கு வரம்பு வைக்கிறார்கள். சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு ஜீன்ஸ் கால்சட்டை வைத்தாலே வரம்பில் ஒரு நல்ல பங்கு போய்விடும்.

கட்டும் முறையும் முக்கியம். காலியான பையை முதலில் சீட் தண்டில் வெல்க்ரோவால் இறுக்குங்கள். பிறகு உடைகளைச் சிறு சிறு உருளைகளாகச் சுற்றி, கையை உள்ளே விட்டுக் குத்திக் குத்தி அடையுங்கள். நடுவில் காற்றுக்கூடு இருந்தால் குலுங்கும்போது சாமான் அமுங்கி, வார் எல்லாம் தளர்ந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். வீட்டில் கட்டும்போது கல் மாதிரி இருந்த பை, முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு தொளதொள என்று ஆனது. அடைத்து முடித்ததும் காற்றை அழுத்தி வெளியேற்றி வாயைச் சுருட்டுங்கள், குறைந்தது மூன்று சுற்று. கடைசியாக சீட் கம்பியில் ஓடும் இரண்டு வார்களையும் மாறி மாறி இழுங்கள். ஒன்றை முழுவதும் இழுத்துவிட்டு மற்றதை இழுத்தால் பை கோணலாக நிற்கும்.

மிச்சம் தொங்கும் வார் நுனிகளை மடித்துச் செருகுங்கள். சக்கரத்தில் சிக்குவது பெரும்பாலும் இவைதான்.

புறப்பட்டு பத்து கிலோமீட்டரில் ஒரு முறை நின்று எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். இந்த நிறுத்தத்தைத் தவறவிடாதீர்கள்.

ஜொகூரிலேயே சாலைக்குச் சாலை வித்தியாசம் தெரியும். பொந்தியானிலிருந்து பத்து பஹாட், மூவார் வரை மேற்குக் கரையோரம் போகும் கூட்டரசு சாலை 5 பெரும்பாலும் சமதரை. அன்னாசியும் தென்னையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து மிதித்துப் போகலாம். பை கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தொல்லை இல்லை. பயிற்சிக்கு அந்தப் பக்கம் நல்லது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய் அங்கேதான் இருக்கிறது என்பதால், போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும் ஆசையும் தீரும். கிழக்கே, கோத்தா திங்கி - மெர்சிங், குளுவாங் - மெர்சிங் சாலைகளில் ஏற்ற இறக்கம் உண்டு. எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும். மேற்கில் தெரியாத ஆட்டம் கிழக்கில் தெரியும்.

மழையை நம்பி வாங்குங்கள்

விளம்பரத்தில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்தால் தூறலைத் தாங்கும் என்று அர்த்தம். 'வாட்டர்புரூஃப்' என்று இருந்தால்தான் மழை. அதையும் முழுவதும் நம்ப வேண்டாம். துணி தண்ணீர் விடாது, ஆனால் ஊசி போட்ட தையல் விடும். ஊசித் தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய பைகள் மழைக்கு நல்லவை. லோரி மேல் போடும் தார்பாய் போன்ற துணியில் செய்வார்கள். ஜெர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் 1980-களிலேயே அந்தத் தார்பாய் யோசனையில் சைக்கிள் பை செய்யத் தொடங்கியது. அவை கொஞ்சம் கனம், விலையும் கூடுதல். பல நூறு வெள்ளி ஆகும். தையல் போட்ட பை நூறு வெள்ளியைச் சுற்றியே இணையத்தில் கிடைக்கிறது.

நான் விலை குறைந்த பையை வாங்கி, உள்ளே தடித்த குப்பைப் பை ஒன்றைப் போட்டுப் பயன்படுத்தச் சொல்வேன். இரண்டு குப்பைப் பை போட்டால் இன்னும் நல்லது. ஒன்று காய்ந்த துணிக்கு, ஒன்று நனைந்த துணிக்கு. வாங்கிய பையை நம்பலாமா என்று தெரிய, உள்ளே பழைய நாளிதழைக் கசக்கி அடைத்து, வீட்டு முற்றத்தில் தண்ணீர்க் குழாயைப் பத்து நிமிடம் மேலேயும் கீழேயும் பிடியுங்கள். தாளை எடுத்துப் பார்த்தால் எந்த மூலையில் ஒழுகுகிறது என்று தெரியும். கீழேயும் பிடிக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மட்கார்ட் இல்லாத சைக்கிளில் பின் சக்கரம் அள்ளி வீசும் சேற்றுத் தண்ணீர் முழுவதையும் இந்தப் பைதான் வாங்குகிறது. உங்கள் முதுகு நனையாமல் இருப்பது அதன் புண்ணியம்.

நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை காலத்தில் மெர்சிங், கோத்தா திங்கி பக்கம் பயணமே வைக்காதீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பையும் அதற்குப் பதில் சொல்லாது.

பின் விளக்கு எங்கே?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் சிவப்பு விளக்கை சீட் தண்டில்தான் மாட்டியிருக்கிறோம். சீட் பை கட்டியதும் விளக்கு பைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. விளக்கு எரிகிறது என்ற தைரியத்தில் போய்க்கொண்டிருப்பார். பின்னால் வரும் லோரிக்காரருக்கு அங்கே ஒரு கறுப்புப் பை மட்டும்தான் தெரியும், அதுவும் மங்கலாக.

நல்ல பைகளில் நுனியில் விளக்கு மாட்ட ஒரு பட்டை தைத்திருப்பார்கள். ஆனால் பை தொய்ந்தால் விளக்கு தரையைப் பார்க்கும். அதனால் இரண்டாவது விளக்கு ஒன்றைப் பின் சக்கரத்துக்கு இடது வலதாக இறங்கும் கம்பியில், வலப்பக்கம் மாட்டுங்கள். நம் நாட்டில் வாகனங்கள் நம்மை வலப்பக்கமாகத்தான் கடக்கின்றன. மாட்டிய பிறகு வீட்டில் ஒருவரை முப்பது அடி பின்னால் நிற்கச் சொல்லி, "தெரியுதா?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை இருட்டில் சைக்கிளோடு இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்ததை இந்த மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். அது வேறு விஷயம். ஆனால் அன்றிலிருந்து சைக்கிள் பயணம் என்றாலே வீட்டில் பெற்றோர் பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருட்டில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. கிழக்குச் சாலைகளில் காட்டு யானை நடமாட்டமும் உண்டு. ஆறரை மணிக்குள் தங்குமிடம் போய்ச் சேரும்படி தூரத்தைத் திட்டமிடுங்கள். சைக்கிளுக்கு நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். நமக்குப் பழைய கூட்டரசு சாலைகள்தான்.

பையில் வைக்கக் கூடாதவை

அடையாள அட்டை, கைப்பேசி, பணம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மாத்திரை. இவற்றை சீட் பையில் வைக்காதீர்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும் நேரத்தில் வாயைத் திறந்து கைவிடுவது எளிது. விழுந்தால்கூட நீங்கள் ஒரு பக்கமும் சைக்கிள் ஒரு பக்கமும் கிடப்பீர்கள். உடம்போடு இருக்கும் இடுப்புப் பையில்தான் அவை இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். வாழைப்பழத்தைச் சீட் பையில் வைத்த நண்பர் ஒருவர் மாலையில் சட்டையை எடுத்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

முதல் பயணத்தையே மெர்சிங்குக்கு வைக்காதீர்கள். குளுவாங்கில் இருப்பவர்கள் முழுச் சாமானையும் கட்டிக்கொண்டு ஆயர் ஹித்தாம் வரை போய் வரலாம். போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். வழியில் கடை உண்டு, ஏதாவது ஆனால் வீட்டுக்குப் போன் செய்தால் கார் வரும். ஜொகூர் பாருவில் இருப்பவர்கள் பொந்தியான் போய் ஓர் இரவு தங்கித் திரும்பலாம். திரும்பி வந்ததும் பையைக் கொட்டி, பயன்படுத்தாத பொருளை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். அடுத்த முறை அவை வேண்டாம். என் முதல் பயணத்தில் அப்படி ஒதுக்கிய குவியல் பாதிக்கு மேல் இருந்தது.

திரும்பி வந்த பிறகு பையை ஈரத்தோடு மூலையில் போட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். திறந்து, தலைகீழாக, நிழலில் தொங்கவிடுங்கள். செம்மண் பாதையில் போய் வந்திருந்தால் தண்டைச் சுற்றிய வெல்க்ரோவில் மணல் ஒட்டியிருக்கும். அது உப்புத்தாள் போல சீட் தண்டைத் தேய்க்கும். கார்பன் தண்டு வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். பழைய ட்யூப் துண்டு ஒன்றைத் தண்டில் சுற்றிவிட்டு அதன் மேல் பையைக் கட்டினால் தேயாது, வழுக்காது. வெல்க்ரோவை பழைய பல் துலக்கியால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம்.

அன்று காஹாங் சாலையில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பையிலிருந்து பாதியை எடுத்து, நெகிழிப் பையில் போட்டு, ஹேண்டலில் கட்டினேன். கட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. மாற்று ட்யூபை இரண்டாக வெட்டினேன். ஓட்டைக்கு மேல் செருப்பு ஒன்றை வைத்து அழுத்தி, பையைச் சுருட்டி மேலே தூக்கி இறுக்கினேன். ஜெமாலுவாங் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மெர்சிங்கில் இறங்கிப் பார்த்தபோது காய்ந்திருந்தது கைலி ஒன்றுதான், அதுவும் தற்செயலாக ரொட்டி வாங்கிய நெகிழிப் பைக்குள் இருந்ததால். அந்தப் பை இப்போதும் இருக்கிறது. ஓட்டையில் ட்யூப் துண்டு ஒட்டி, என்னைவிட ஓர் அடி உயரமான அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் சைக்கிளில் அது டயரைத் தொடவே இல்லை.